சம்பந்திக்கு, டர்போ விஷயமாக

உ
முருகன் துணை

தியாகராய நகர், சென்னை-17
29-1-1999, வெள்ளிக்கிழமை

மகா மரியாதைக்குரிய சம்பந்தி திரு. கனகராஜ் அவர்களுக்கு ராஜரத்தினம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கமும் துணிக்கடையும் கடைச் சிப்பந்திகளும் நலம். அசோக் நகரில் தாங்களும், தேவானை மதினியும், மாப்பிள்ளையும், என் மகள் லாவண்யாவும், பேரன் பாலகணேஷும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து நலமில்லாமல் இருக்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது என் கார்.

கூப்பிடு தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்கு இத்தனை பெரிய கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். நேற்று இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் லாவண்யாதான் எடுத்தாள். "மாமா வெளிய போயிருக்காங்கப்பா" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டாள். பெற்ற தகப்பனிடம் சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை. மேலும் நான் போனில் பேசினால் தங்கம் பக்கத்தில் நின்றுகொண்டு சட்டையைப் பிடித்து இழுப்பாள். கடிதத்தில் யாரும் இழுக்க முடியாது. ஆகவே மனதில் கிடப்பதை ஒன்று விடாமல் எழுதிவிடப் போகிறேன். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு இப்படியெல்லாம் எழுதலாமா என்றால், எழுதக்கூடாதுதான். ஆனால் நான் தங்கள் வீட்டுக்குக் கொடுத்தது பெண்ணை. காரைக் கொடுக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்களை மதியச் சாப்பாட்டுக்குத்தான் அழைத்திருந்தேன். தாங்கள் காலை ஒன்பது மணிக்கே வந்தீர்கள். விருந்துக்கு வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், பூ வாங்கி வருவார்கள். தாங்கள் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பச்சைத் தகரப் பெட்டியை வைத்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். பெட்டிக்குள் முழுக்க ஸ்பேனர். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி மாட்டிய கை, ரிட்டயர் ஆனபிறகு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அது எனக்கும் தெரியும். அதற்காக என் வாசலிலா? "அண்ணாச்சி, புதன்கிழமை பேரனுக்கு மொட்டை போட திருத்தணி போறோம். அதுக்கு முன்னால வண்டிய ஒரு தடவ பிரிச்சுப் பாத்துருவோம்" என்றீர்கள். சிந்தாதிரிப்பேட்டை மெஹபூப் அலி பாய்தான் வழக்கமாகப் பார்ப்பார், அவரிடம் விட்டுக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொன்னேன். அதற்குத் தாங்கள் சொன்ன பதிலை மறந்திருக்க மாட்டீர்கள். "பாய் நல்ல மெக்கானிக்தான், இல்லேங்கல. ஆனா நம்ம வண்டிய நாம பாக்குற மாதிரி வருமா?" நம்ம வண்டி! எப்போதிலிருந்து அது நம்ம வண்டி ஆயிற்று என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தங்கம் கதவோரத்தில் நின்று கண்ணைக் காட்டியதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் பழைய பேப்பரை விரித்தீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சைக்கிள் பம்பால் ஊதினீர்கள். அதற்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் ஹோஸ், அதற்கும் அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ரப்பர் ஹோஸ், இவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கிளிப்புகள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் எழுதி, ஒரு நோட்டில் படம் வேறு வரைந்துகொண்டீர்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, நான் புதுசாக இரும்புக்கடை வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மதியம் இரண்டு மணிக்கு டீசல் வாசத்தோடு உள்ளே வந்து, மொட்டைக்கான விரதச் சாப்பாட்டிலும் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி போய் எல்லாவற்றையும் மாட்டி, நாலு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணினீர்கள். "டர்போ விசில் அடிக்குது கேட்டீங்களா அண்ணாச்சி?" என்று பெருமையோடு கேட்டீர்கள். அன்றைக்கு அடித்தது உண்மைதான். போகிற உயிர் ஒரு விசில் அடித்துவிட்டுத்தான் போகும்போல.

செவ்வாய்க்கிழமை குடியரசு தினம், கடைக்கு லீவு. கோடம்பாக்கத்தில் ஒரு உறவுக்காரரை மொட்டைக்கு நேரில் அழைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கோடம்பாக்கம் பாலத்தில் வண்டி பாதி ஏறியதும் ஓட்டுநர் கபாலி என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், வண்டிக்கு இன்னாமோ ஆயிக்கீது. மிதிச்சிகினே கீறேன், கத்துது, நவுர மாட்டேங்குது. பின்னால பாரு சார், பொகைய" என்றான். பார்த்தேன். எனக்குப் பின்னால் கோடம்பாக்கம் தெரியவில்லை. ஒரு ஸ்கூட்டர், அதில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு கேஸ் சிலிண்டர், மூவரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். போகும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் ஐம்பத்தெட்டு வயதில் யாரும் என்னை அப்படிப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. நான் டர்போ வண்டி வாங்கியதே ஏற்றத்தில் யாருக்கும் வழிவிடக்கூடாது என்பதற்காக.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன். கால் மணி நேரத்தில் பச்சைப் பெட்டியோடு வந்துவிட்டீர்கள், அதை மறுக்கவில்லை. வந்ததும் பாடம் ஆரம்பித்தது. "அண்ணாச்சி, இதுல ஒண்ணும் மாயமில்ல. புகை வெளிய போற வேகத்துல ஒரு காத்தாடி சுத்துது. அந்தக் காத்தாடி வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அமுக்கின காத்து வழியில எங்கயாவது கசிஞ்சுட்டா, டர்போ வண்டி சாதா வண்டியா ஆயிரும். எங்க கசியுதுன்னு ஒவ்வொண்ணா கழிச்சுக் கட்டுவோம்." சரி என்றேன். முதலில் டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஃபில்டரைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தீர்கள். அது தங்கம் எனக்குக் காபி கொடுக்கிற டம்ளர். தண்ணீர் இல்லை. அடுத்து ஆக்ஸிலரேட்டர் முழுசாக அழுந்துகிறதா என்று காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தீர்கள். அழுந்துகிறது. பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜினுக்குள் அங்கங்கே காட்டி, டாக்டர் மாதிரி "ம், மூச்சு விடச் சொல்லு கபாலி" என்றீர்கள். கபாலி மிதித்தான். ஒரு சத்தமும் இல்லை. "நிக்கிற வண்டியில தெரியாது அண்ணாச்சி, பாரம் இழுக்கும்போதுதான் தெரியும்" என்று சொல்லி, எல்லாரும் மறுபடி பாலத்துக்குப் போக வேண்டும் என்றீர்கள்.

போனோம். குடியரசு தினத்தன்று, ஊரெல்லாம் போலீஸ் நிற்கிற நாளில், ஒரு கறுத்த புகை விடுகிற வண்டி கோடம்பாக்கம் பாலத்தில் நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கினால், அதன் ஜன்னலில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினால், யார் சும்மா விடுவார்கள்? ஐந்தாவது தடவை கான்ஸ்டபிள் நடுரோட்டில் வந்து நின்றார். "ஒரே வண்டி சும்மா மேல ஏறிகினும் எறங்கிகினும் கீது. இன்னா சார் அளக்கிறீங்க பாலத்துல? இன்னிக்கி இன்னா நாளுன்னு தெரியுமா தெரியாதா?" அப்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பேசிச் சமாளித்திருப்பேன். நீங்கள் இறங்கி, "பிரஷர் பாக்குறோம்" என்றீர்கள். அவர் "யாருக்கு?" என்றார். "வண்டிக்கு" என்றீர்கள். அவர் நோட்டை வாங்கி உரக்க வாசித்தார். "ரெண்டாவது கியர், இருபத்தோரு செகண்டு, கரும்புகை." ஒவ்வொரு எழுத்தையும் முறைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னா பாஷை, கோட் வேர்டா?" என்றார். முக்கால் மணி நேரம் பாலத்தடியில் நிற்க வைத்தார்கள். நல்ல வேளையாக அங்கே வந்த ஏட்டையா, தன் மகள் கல்யாணத்துக்கு நம் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தவர். என் முகத்தைப் பார்த்து, "நம்ம பார்ட்டிதான், வுட்ரு" என்றார். டி.நகரில் இருபத்தாறு வருஷம் கடை நடத்துகிறவனுக்கு இது தேவையா சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நீங்களே ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், பிற்பாடு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள். "நான் கழட்டி மாட்டினதுக்கு அப்புறம்தான் இப்பிடி ஆயிருக்கு. அப்போ என் கையிலதான் எங்கயோ பிசகியிருக்கணும் அண்ணாச்சி." ஆக, ஒப்புக்கொண்டாயிற்று. ஒப்புக்கொண்டவர் அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. "நாளைக்கு ஒரு வாடகை வேன் எடுத்துக்கிடுவோமா?" என்று கேட்டீர்கள். என்னைப் பார்த்து! வாசலில் டர்போ வண்டியை நிறுத்திவிட்டு, பேரன் தலைமுடி இறக்க வாடகை வேனில் போவதா? கடைத்தெருவில் என்னை என்ன சொல்வார்கள்? ஏற்றமில்லாத ரோட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது, இதிலேயே போவோம் என்றேன். அது என் பிடிவாதம் என்று தங்கம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். வண்டி சரியாக இருந்திருந்தால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

புதன்கிழமை விடியக்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். உங்களுக்குத் தெரியாததா, நீங்கள்தான் முன்சீட்டில் உட்கார்ந்து "அஞ்சாவது போடாத கபாலி, நாலுலயே போ, நாலுலயே போ" என்று திருவள்ளூர் வரை ஜபித்துக்கொண்டு வந்தீர்களே. பின்னால் நான், தங்கம், மதினி, லாவண்யா, மடியில் பேரன், கடைசி சீட்டில் மாப்பிள்ளையும் பொங்கல் பானையும். திருத்தணிக்குப் பத்து மைல் இருக்கும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்தியது. டிராக்டர் வே, டிராக்டர்! மேலே கரும்புக் கட்டின்மேல் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து எங்களுக்கு டாட்டா காட்டினான். பேரன் சிரித்தான். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். எட்டே முக்காலுக்கு அடிவாரத்தில் இருந்தோம். தைப்பூசத்துக்கு இன்னும் நாலே நாள், மலையெல்லாம் காவடி. முதல் வளைவு ஏறிற்று. இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன், ஆட்டோ ஹாரன். "சார், நாலு பேர் எறங்கினா ஏறும் சார்" என்றான் கபாலி. பெண்டுகளை இறக்கினோம். மூட்டுவலிக்கார மதினி ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் லாவண்யா தோளையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நடக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வளைவில் மாப்பிள்ளை இறங்கினார். அதற்கடுத்ததில் பொங்கல் பானை இறங்கியது. வண்டியில் நானும் நீரும் கபாலியும்தான், அப்போதும் நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். தலையில் பால்குடம் வைத்திருந்த ஒரு கிழவி ஜன்னலோரம் வந்து, "ஏம்பா, நான் முன்னால போயி உங்களுக்கு எடம் புடிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உண்மையாகவே கேட்டாள் வே, அதுதான் தாங்கவில்லை.

அதன்பிறகுதான் நீர் இறங்கி பானெட்டைத் திறந்தீர். கபாலியை மிதிக்கச் சொன்னீர். கையை உள்ளே விட்டு, அந்த ஹோஸுக்கு அடிப்பக்கம் தடவினீர். தடவினவர் அப்படியே நின்றீர். என்னைப் பார்த்தீர். மறுபடி உள்ளே குனிந்து பார்த்தீர். "என்ன வே, என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஹோஸுல காத்து கசியுது. நான்தான் சரியா மாட்டல போலிருக்கு. தப்பு என்னோடது" என்றீர். அவ்வளவுதான். ஒரு கோபம் இல்லை, ஒரு சமாதானம் இல்லை, துண்டைக் கிழித்து ஹோஸைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்துவிட்டீர். எனக்கு வந்ததே ஆத்திரம். "வேல தெரியாதவன் கைய வைக்கக் கூடாது! முப்பத்து மூணு வருஷம் என்னத்தக் கழட்டினீரு? ஊரு பூரா கரண்டு போனது இப்பிடித்தானா?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை, சத்தமாகத்தான் சொன்னேன். காவடி எடுத்து வந்தவர்கள் அரோகராவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேலே வளைவில் நின்ற மாப்பிள்ளையும் லாவண்யாவும் பார்த்தார்கள். மதினியும் பார்த்தார்கள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே லேசாகத் தோன்றியது. ஆனால் தவறு செய்தவர் தலையைக் குனிந்துகொண்டு துண்டைக் கட்டிக்கொண்டிருந்தால், திட்டுகிறவன் எங்கே கொண்டு போய் நிறுத்துவது?

துண்டு கட்டியும் மேலே ஏறுகிற அளவுக்குத் தெம்பு வரவில்லை. கடைசியில் மேலே ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் ஏற்றிக்கொண்டு போன டெம்போதான் நம்மை ஏற்றிக்கொண்டது. குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவில், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பமும் மலையேறினோம். போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, பேரன் தலையில் கத்தி வைத்தபோது மணி பத்து நாற்பது. நல்ல நேரம் முடிந்து பத்து நிமிஷம். மொட்டை போடுகிறவர், "சாமிக்கு ஏதுங்க நேரம், கொழந்தைய ஆட்டாம புடிங்க" என்றார். அவருக்கென்ன. திரும்பி வரும்போது இறக்கம் ஆகையால் வண்டி அழகாக வந்தது. இறங்குகிறதற்கு டர்போ எதற்கு?

அசோக் நகரில் உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினோம். இறங்கினீர்கள். கதவைச் சாத்தினீர்கள். உள்ளே போய்விட்டீர்கள். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, "வாங்க, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க" என்று உங்கள் வீட்டில் ஒருவர்கூட எங்களைக் கூப்பிடவில்லை. தங்கம் வீடு வந்து சேரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாம பொண்ணு குடுத்திருக்கோம்ங்க, நாம பொண்ணு குடுத்திருக்கோம்" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மகள் என்னிடம் போனில் பேச மாட்டேன் என்கிறாள். பேரனை மொட்டைத் தலையோடு இன்னும் நான் சரியாகத் தூக்கிக் கொஞ்சவில்லை. இத்தனையும் எதனால்? ஒரு ரப்பர் ஹோஸை ஒழுங்காக மாட்டத் தெரியாததால். தாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா என்பதை மனசாட்சியைத் தொட்டு யோசிக்கவும்.

ஆகவே மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த வருத்தத்தோடும் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இனிமேல் எனக்குச் சொந்தமான கார், கடை வேன், மிக்ஸி, மோட்டார், கடிகாரம் எதையும் தாங்கள் தொட வேண்டாம். விருந்துக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், வெற்றிலை போடுங்கள், பேரனைக் கொஞ்சுங்கள். பச்சைப் பெட்டி மட்டும் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. வண்டியை இன்று காலை மெஹபூப் அலி பாயிடம் கபாலி கொண்டு விட்டிருக்கிறான். வேலை தெரிந்த ஒரு மனிதர் கையால் அது பிழைத்து வரட்டும்.

தேவானை மதினிக்கு என் வணக்கம், மூட்டுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. லாவண்யாவுக்கு ஆசீர்வாதம், அவள் வாங்கிக்கொண்டால். பாலகணேஷுக்கு ஆயுசும் அறிவும் பெருக அந்த முருகன் அருள வேண்டும், தலையில் சந்தனம் காயக் காயத் தடவவும். தங்களுக்கும் சகல சௌபாக்கியங்களும் உண்டாகட்டும், என் வண்டிக்கு வெளியே.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னும் மரியாதை வைத்திருக்கும்,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: 30-1-1999, சனிக்கிழமை காலை. நேற்று எழுதியதைக் கவரில் போடுமுன் மெஹபூப் அலி பாய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். விசில் கேட்கிறது, புகை இல்லை. நான் சந்தோஷத்தில் வாசலிலேயே நின்று, "வேல தெரிஞ்சவர் கைன்னா இதுதான் பாய். எங்க சம்பந்தி ஒருத்தர் இருக்கார், முப்பத்து மூணு வருஷம் கவர்மெண்டுச் சம்பளம் வாங்கி..." என்று ஆரம்பித்தேன். பாய் கையைத் தூக்கினார். "சார், போதும், அதுக்கு மேல பேசாத. வாயத் தொறக்க மாட்டேன்னு அந்தப் பெரியவருக்கு வாக்கு குட்த்துட்டேன். ஆனா நீ பேசறதக் கேட்டுகினு நிக்கவும் முடில" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பழைய ஹோஸை எடுத்துக் காட்டினார். கிளிப் இருந்த இடத்தில் ரப்பர் கத்தியால் அறுத்த மாதிரி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறது. "இது லூஸா மாட்டினதுல வந்தது இல்ல சார். எவனோ கிளிப்ப ராட்சசன் மாதிரி முறுக்கிகீறான். இஞ்சின் இழுக்கச் சொல்ல அந்த வெட்டு வாயப் பொளந்துகினு காத்து பூரா வெளிய பூடுது. பெரியவர் மாட்டின எடத்துல எல்லாம் ஸ்க்ரூ மேல வெள்ளை பெயிண்டுல கோடு இழுத்து வச்சுகிறாரு, யார்னா தொட்டா தெரியணும்னு. மத்த எல்லாக் கோடும் நேராக் கீது. இது ஒண்ணுதான் நாலு சுத்து சுத்திக்கீது." வியாழக்கிழமை நீங்கள் பஸ் பிடித்து அவர் பட்டறைக்குப் போய், வேறொரு வண்டிக்கு அடியில் கிடந்தவர் வெளியே வரும்வரை ஒரு மணி நேரம் டயர் மேல் உட்கார்ந்திருந்து, "வண்டி வரும், ஹோஸை மாத்திக் குடுத்துருங்க, வெட்டைப் பத்தி அவர்கிட்ட சொல்ல வேண்டாம், என் தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம். நான் போன் செய்த நேரத்தில் நீங்கள் வெளியே போயிருந்தது அங்கேதான் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நான் தங்கத்தைப் பார்த்தேன். தங்கம் என்னைப் பார்த்தாள். "திங்கக்கிழமை காலைல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, கபாலிகிட்ட ஸ்பேனரை வாங்கிட்டு பானெட்டுக்குள்ள நின்னது யாரு? நான்தானே காபி கொண்டாந்தேன்?" என்றாள். கபாலியும் சேர்ந்துகொண்டான். "அது வரைக்கும் வண்டி ஷோக்காத்தான் போச்சு சார்." சம்பந்தி அவர்களே, உண்மையைச் சொல்கிறேன், நான் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, அதனால் ஞாபகத்திலும் வைக்கவில்லை. கடையில் சரக்கு மூட்டையை எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் நான் போய்க் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அதே மாதிரிதான், குடும்பத்தோடு போகிற வண்டியாயிற்றே என்று ஒரு சுத்து இறுக்கினேன். ஒரு சுத்து இல்லை, பாய் சொல்வதுபோல நாலு.

நாலு முழுப் பக்கம் எழுதியாகிவிட்டது, திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஆகையால் மேலே தாங்கள், நீங்கள், நீர் என்று எங்கெல்லாம் திட்டியிருக்கிறேனோ அங்கெல்லாம் நான் என்று போட்டு வாசித்துக்கொள்ளவும், வினைச்சொற்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும். ஊருக்குக் கரண்டு போன விஷயம் மட்டும் எப்படி மாற்றினாலும் பொருந்தவில்லை, அதை அடித்துவிடவும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், இதற்குப் பதில் வேண்டும். எதையும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கிற என் கை உமக்குத் தெரியாததா, மலையில் கையை விட்டுத் தடவின அந்த நிமிஷமே உமக்குத் தெரிந்துவிட்டது. என் பெண்டாட்டி, என் மகள், என் மாப்பிள்ளை, ஊர்பேர் தெரியாத காவடிக்காரர்கள், இத்தனை பேர் முன்னால் நான் உம்மைக் கூசாமல் பேசினேன். "நீர்தான் வே முறுக்கினது" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஏன் சொல்லவில்லை? உம் மகனுக்கு முன்னால் நீர் தலை குனிந்து நின்றீரே, எனக்காக அப்படி நிற்கச் சொல்லி உம்மை யார் கேட்டது? நான் கேட்டேனா? இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, ஒருவனைக் காலத்துக்கும் கடனாளியாக்கி வைப்பது எந்த ஊர் நியாயம்? இதற்கு நான் உம்மை லேசில் விடப் போவதில்லை.

இந்தக் கடிதத்தைக் கபாலி உள்ளே வந்து கொடுப்பான். நான் உங்கள் வீட்டு வாசலில் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருப்பேன். இறங்கி வருவதற்குக் கால் வராது, எனக்கு என்னைத் தெரியும். மதினி கோபமாக இருந்தால் லாவண்யாவை அனுப்பவும். அவளும் கோபமாக இருந்தால், நீரே பேரனைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வாரும். ரொம்ப நேரம் ஆக்கிவிடாதேயும், வெயில் ஏறுகிறது.